காணி உறுதியில (பத்திரத்தில) சீவிய உரித்து கிடந்தா வீட்டு லோன் எப்பிடி? பைல் பாக்கிற வேலைக்காரருக்கு ஒரு கேள்வி

கல்லடிக்காத்து

எல்லாருக்கும் வணக்கம். மட்டக்களப்பு டவுனுக்குள்ள ஒரு வங்கியில வீட்டுக்கடன் பகுதியில இரிக்கன், வங்கிட பேர் வேணாம். ரெண்டு வருசம் கவுண்டர்ல காசு எண்ணிக்கிட்டு இருந்தவளத் தூக்கி ஏழு மாசத்துக்கு முதல் இந்த மேசையில போட்டாங்க. ட்ரெய்னிங் எண்டு ஒண்டுமில்ல. ஒரு செக்லிஸ்ட் தாள் தந்தாங்க, உறுதி, பிளான், எக்ஸ்ட்ராக்ட் (காணிக்கந்தோர்ப் பதிவேட்டுப் பிரதி), சோலைவரித் துண்டு, ஸ்ட்ரீட் லைன் சேர்ட்டிபிக்கட், சம்பளத் துண்டு, கிரிப் ரிப்போட் (பழைய கடன் கட்டின விபரம்), எல்லாம் வந்தா டிக் போட்டு லோயருக்கு அனுப்பு, வராட்டி கோல் எடுத்துக் கேளு, அவ்வளவுதான் வேல எண்டாங்க. நானும் அவ்வளவுதானாக்கும் எண்டு நெனச்சிட்டன்.

இப்ப ஒரு பைல்ல மாட்டிக்கிட்டன். ஒரு டீச்சர், கல்லடிப் பக்கம் வீடு, மேல்மாடி கட்ட லோன் கேட்டவ. பேப்பர் எல்லாம் சுத்தம், சம்பளம் காணும், கிரிப்ல ஒரு குறை இல்ல. எல்லாத்துக்கும் டிக் போட்டு அனுப்பினன். ஆறு கிழமை கழிச்சு லோயர் பைலத் திருப்பி அனுப்புறார், இது தாய் குடுத்த நன்கொடை உறுதி, தாய் தகப்பன் ரெண்டு பேர்ட சீவிய உரித்தும் (உயிரோட இரிக்கும் வரைக்கும் வீட்ட ஆளுற உரிமை) ஒதுக்கி வெச்சிருக்கு, அது தீராம ஈடு எடுக்க ஏலாது எண்டு. தகப்பன் மோசம் போய்ட்டார். தாய் இரிக்கா, ஆரையம்பதியில மற்ற மகள்ட வீட்ட, கையெழுத்து வெக்க மாட்டன் எண்டு நிக்கிறா.

டீச்சர் மூணாம் தரம் வந்து என்ட மேசைக்கு முன்னால இருந்து அழுதிட்டா. மேசனுக்கு அட்வான்ஸ் குடுத்து கம்பியும் இறக்கிட்டாவாம், "முதல் நாளே சொல்லியிருந்தா நான் ஒண்டும் வாங்கியிருக்க மாட்டனே மிஸ்" எண்டு. அதுக்குள்ள மனேஜர் எல்லாருக்கும் முன்னால வெச்சு எனக்கு ஏச்சு.

கேள்வி ரெண்டு. முதல் நாளே இத எப்பிடிக் கண்டுபிடிக்கிற? மறுகா, இந்த வேலையில இருந்து பழகலாமா இல்லாட்டி திரும்பக் கவுண்டருக்கே கேட்டுட்டுப் போகவா?

பழையகந்தோர்

தங்கச்சி, நான் கல்முனையில உறுதி எழுதுற ஒரு நொத்தாரிசு ஐயாட்ட முப்பத்தொரு வருசம் கிளாக்கா இருந்தவன். இப்ப வீட்டில சும்மா இருக்கன், அதனால நீட்டித்தான் எழுதுவன், பொறுத்துக்க.

உன்ட பிழை என்னெண்டா நீ உறுதி வந்திருக்கா எண்டு பாத்திருக்கா, உறுதிய வாசிக்கல்ல. செக்லிஸ்ட் தந்தவனும் அதத்தான் கேட்டிருக்கான், அதனால உன்ன மட்டும் ஏசி வேலையில்ல. உறுதிய எடுத்தா முதல்ல கடைசித் தாளுக்குப் போ. அங்கதான் அட்டவணை இருக்கும், காணிட நாலெல்லையும் விஸ்தீரணமும். அதுக்குப் பக்கத்தில நொத்தாரிசுட அத்தாட்சி, ஆர் கையெழுத்து வெச்ச, ஆர் சாட்சி, எதக் கீறி எத மாத்தின எண்டெல்லாம் அதுக்குள்ளதான். மறுகா நடுவுக்கு வா. "மேற்படி கொடையாளிகள் தங்கள் ஆயுள்காலம் வரைக்கும்" எண்டு ஒரு வரி கிடக்கும், பொடி எழுத்தில, ரெண்டு நீளமான வசனத்துக்கு இடையில. அதான் உன்ட டீச்சர மூணு தரம் நடக்க வெச்ச வரி.

எங்கட பக்கத்து உறுதியில பாதிக்குப் பாதி அந்த வரி கிடக்கும். வேற மாகாணத்தில இருந்து மாறி வாற மனேஜர்மாருக்கு இது விளங்கிறதே இல்ல. எங்கட ஊரில வீடு பொம்புளப் புள்ளைக்கு. மாப்புளதான் பொம்புள வீட்ட வந்து இருக்கிற, தமிழாக்களும் அப்பிடித்தான் முஸ்லிமாக்களும் அப்பிடித்தான். முக்குவர் சட்டம், எங்கட பக்கத்துப் பழைய தாய்வழிச் சொத்துச் சட்டம், சட்டமா வழக்கொழிஞ்சு நூறு வருசத்துக்கு மேல, ஆனா தாய்வழியா வீடு போற பழக்கம் மட்டும் போகல்ல. அப்ப மகளுக்கு வீட்ட எழுதிக் குடுத்திட்டு தாய் தகப்பன் எங்க போற? மருமகன் நாளைக்கு வெளியில போ எண்டா? அதுக்குத்தான் சீவிய உரித்த ஒதுக்கி வெக்கிற. வயசான காலத்தில அவங்களுக்கிருக்கிற ஒரே கூரை அந்த ஒத்த வரிதான். தாய் கையெழுத்து வெக்க மாட்டன் எண்டா அவவுக்குப் பைத்தியமில்ல.

வேலைய விடாத. கவுண்டர்ல என்னத்தப் பழகப்போற.

இரவுக்கிளி

கல்லடி தங்கச்சிக்கு ஒரு ஆறுதல், இந்த வேல உலகம் முழுக்க இப்பிடித்தான். நான் செங்கலடியில வீட்டில இருந்துகொண்டு அமெரிக்காவில கிழக்குக் கரையில ஒரு டைட்டில் கொம்பனிக்கு (வீட்டு உரித்துச் சுத்தமா எண்டு தேடிக் குடுக்கிற கொம்பனி) ராவு வேல செய்யிறன், மூணு வருசமாச்சு. கோடை காலத்தில ஒன்பதரை மணித்தியாலம், மாரியில பத்தரை மணித்தியாலம் வித்தியாசம், அவங்க காலையில கந்தோர் திறக்கக்குள்ள எங்கட வீட்டில விளக்கு வெச்சாச்சு.

அங்க காணிப் பதிவு கவுண்டி கவுண்டியா இருக்கு, அனேகமா ஸ்க்ரீன்லயே தேடலாம். என்ட வேல, வீட்டில முந்தி இருந்த கடன் தீந்திருக்கா, வரி பாக்கி இருக்கா, தீர்ப்பு ஏதும் பதிஞ்சிருக்கா எண்டு தேடி லிஸ்ட் போடுற. பழைய வங்கியிட்ட மிச்சம் எவ்வளவு கட்டணும் எண்டு கடிதம் எடுக்கணும், அதில நாளுக்கு நாள் வட்டி ஏறும், கைமாறுற நாள் ஒண்டு பிந்தினாலும் கணக்குப் பிழைச்சிரும். 2015 ஒக்டோபர்ல இருந்து அங்க ஒரு விதி, கடன்காரன்ட கையில கடைசிக் கணக்குத் தாள் கையெழுத்துக்கு மூணு வேல நாளைக்கு முதலே போய்ச் சேரணும். வட்டி வீதம் எண்ட மாதிரி பெரிய விசயம் மாறினா அந்த மூணு நாளையும் திரும்ப முதல்ல இருந்து எண்ணணும். முதல் மாசம் இதக் கேட்டு எனக்குச் சிரிப்பு, இங்க வங்கியில கையெழுத்து வெக்கிற அண்டைக்குத்தானே சனத்துக்குச் செலவு எவ்வளவு எண்டே தெரிய வாற!

ஒரு பெரிய வித்தியாசம், அங்க டைட்டில் இன்சூரன்ஸ் இருக்கு. நான் ஒரு பழைய ஈட்டத் தவறவிட்டா மறுகா இன்சூரன்ஸ் கொம்பனி தலையக் குடுக்கும். இங்க லோயர்ட ஒப்பீனியன் ஒண்டுதான், அது பிழைச்சா வங்கியும் சனமும் கோர்ட்டுக்குத்தான். அதனால உங்கட லோயர் ஆறு கிழமை எடுத்ததுக்கு நான் ஏசமாட்டன்.

ஏறாவூர்க்காக்கா

மாஷா அல்லாஹ், எல்லாரும் மாறி மாறிக் கதைக்கிறீங்க. கடன் எடுக்கப்போற மனிசன்ட கதையையும் ஒருக்காக் கேளுங்க.

நான் போன வருசம் ஒரு வங்கிக்குப் போனன், கடைக்குப் பின்னால வீட்டத் திருத்த. முதல் தரம் போனா பிளான் பழசு, புதுசாக் கொண்டு வாங்க எண்டாங்க. சேர்வேயருக்குக் காசு. கொண்டு போனா ஸ்ட்ரீட் லைன் சேர்ட்டிபிக்கட் காலாவதியாம். நகர சபைக்கு நடை. அது வந்தா எக்ஸ்ட்ராக்ட் மூணு மாசம் பழசாம். காணிக்கந்தோருக்கு நடை. அத எடுக்கக்குள்ள திரும்ப மத்தது காலாவதி! அஞ்சு மாசம். வலுவேசனுக்கும் என்ட காசு, லோயருக்கும் என்ட காசு, கடைசியில நான் கேட்டதில பாதி. நீங்க ஒரே தரத்தில எல்லாத்தையும் சொன்னா உங்கட வாயில முத்தா கொட்டும்?

2022, 23ல வட்டி இருபத்தஞ்சத் தாண்டி ஏறக்குள்ள கடிதம் மட்டும் அடுத்த நாளே வந்த. அதுக்கு எந்த செக்லிஸ்டும் இல்ல.

கல்லடிக்காத்து

காக்கா, நீங்க சொல்றது அவ்வளவும் ஞாயம், நானும் அப்பிடி நாலஞ்சு பேர அலைய விட்டிருக்கன் எண்டு இப்பதான் விளங்குது. ஒரே தரத்தில சொல்லத் தெரியணுமெண்டா பைல முழுசா வாசிக்கணும், ஒரு பைல வாசிக்க ஒரு மணித்தியாலம், மேசையில நாப்பது பைல், அதுக்குள்ள போன் வேற. ஆனா இண்டைக்கு ஒண்டு செஞ்சன். புதுசா வந்த மூணு பேர்ட உறுதியையும் அவங்கள முன்னால இருத்திக்கொண்டே வாசிச்சன். ஒண்டில சீவிய உரித்து. அந்த அண்ணர்ட தாய் தகப்பன் ரெண்டு பேருமே இல்லயாம், அப்ப மரண அத்தாட்சிப் பத்திரம் ரெண்டையும் கொண்டு வாங்க எண்டு கையோட சொல்லி அனுப்பிட்டன். இத முதலே செஞ்சிருந்தா.

படுவான்கரையான்

உங்களுக்கெல்லாம் உறுதி எண்டு ஒண்டாவது கிடக்கு. எங்கட ஆக்களுக்கு அரச காணிப் பெர்மிட்தான். அப்பாட பேரில பெர்மிட், அப்பா போய் ஒன்பது வருசம், பின்னுரித்தாளர் (அவருக்குப் பிறகு காணி ஆருக்கு எண்டு) பேர் பதியாமக் கிடந்து இப்ப நாலு சகோதரமும் நாலு திசை. வங்கிக்குப் போனா ஏறெடுத்தும் பாக்கிறாங்க இல்ல. மூணு ஏக்கர் வயல் இருந்தும் நகைய அடகு வெச்சுத்தான் விதைக்கிறம்.

பழையகந்தோர்

தம்பி, காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் 1935ம் ஆண்டில. அது நோக்கத்தோடதான் அப்பிடி இறுக்கிக் கட்டின சட்டம், குடியேத்தின கமக்காரன் கடனுக்குக் காணிய இழந்திரக் கூடாது எண்டு. அம்பாறையில கல்லோயாக் குடியேற்றக் காணி கனக்க அந்தச் சட்டத்துக்குள்ளதான். பெர்மிட் அளிப்பா (கிராண்டா) மாறினாலும் பிரதேச செயலாளர்ட சம்மதம் இல்லாம விக்க ஏலாது, ஈடு எண்டாலும் சட்டம் சொல்ற நிறுவனங்களுக்குத்தான். வங்கி நாளைக்கு ஏலம் போட ஏலாத காணிய என்னத்துக்கு எடுக்கும்? பின்னுரித்த முதல்ல பதியிங்க, ஒன்பது வருசம் விட்டது பெரிய பிழை, சட்டத்தில ஆறு மாசக் கணக்கொண்டும் இருக்கு. பிரதேச செயலகத்தில காணிப் பகுதிக்கு நாலு பேரும் ஒண்டாப் போங்க. ஒராள் போனா மத்த மூணு பேர் எங்க எண்டுதான் கேப்பாங்க.

2022ல சட்டத்தத் திருத்தி பின்னுரித்தில ஆம்புள பொம்புள வித்தியாசத்த எடுத்தவங்க. முந்தி மூத்த மகனுக்குத்தான் முதல் இடம், எங்கட பக்கத்து வழக்கத்துக்கு அது நேர் எதிர். வயல் ஒருத்தன்ட பேரில, வீடு ஒருத்திட பேரில எண்டு எத்தின குடும்பம் பிரிஞ்சு கிடக்கு எண்டு நான் கண்டிருக்கன்.

பேர்ச்கணக்கு

சேர்வேயர் ஒராளிட்ட சங்கிலி புடிக்கப் போய் இப்ப டோட்டல் ஸ்டேஷன் எண்ட அளக்கிற மெசின் தூக்குறவன் நான். கல்லடி அக்கா, அந்த டீச்சர்ட உறுதியில விஸ்தீரணம் எவ்வளவு, பிளான்ல எவ்வளவு? அது ரெண்டையும் பாத்தீங்களா? லோயர் அடுத்த தரம் அதத்தான் கேப்பார், எழுதி வெச்சுக்கோங்க.

கல்லடிக்காத்து

ஐயோ. இப்பதான் எடுத்துப் பாத்தன். உறுதியில 16 பேர்ச். புது பிளான்ல 14.7.

பேர்ச்கணக்கு

பாத்தீங்களா. 1.3 பேர்ச் எண்டா 354 சதுர அடி, ஒரு பெரிய அறை. பழைய உறுதியில நாலு மூலைக்கும் ஆள் போகாமலே விஸ்தீரணம் எழுதினது கனக்க, முழக் கணக்கில எழுதினதும் கிடக்கு, வயலெண்டா அவணம் மரைக்கால் எண்டு விதைப்புக் கணக்கு. அதுக்கு மேல கல்லடி, நாவலடி, திருக்கோவில், மருதமுனை எண்டு கடலோரம் முழுக்க 2004 சுனாமிக்குப் பிறகு வேலி, எல்லைக்கல், பூவரசு ஒண்டும் மிஞ்சல்ல, நெனப்பில வெச்சுத்தான் திரும்பக் கட்டின. இல்லாட்டி ரோட்ட அகட்டக்குள்ள போயிருக்கும். நான் நெனைக்கிறன் ரோட்டுக்குத்தான் போயிருக்கு.

வங்கி எப்பவும் குறைஞ்ச கணக்கத்தான் எடுக்கும், அதில பயப்பிட ஒண்டுமில்ல. ஆனா ஏன் குறைஞ்ச எண்டு ஆராவது சொல்லணும். பக்கத்து வளவுக்காரன் 1.3 பேர்ச்ச புடிச்சு வெச்சிருந்து பத்து வருசத்துக்கு மேல ஆண்டிருந்தா அது வேற வழக்கு.

திராய்மடு_விசிறி

சுனாமியில உறுதியே போனவங்க என்ன செய்யிற? எங்கட மாமிட பெட்டியோட போச்சு, நம்பரும் தெரியாது.

பழையகந்தோர்

நல்ல கேள்வி மனே. ஒரு உறுதி எண்டா மூணு. மூலம் வாங்கினவனுக்கு, ஒண்டு நொத்தாரிசுட்ட, ஒண்டு காணிக்கந்தோருக்கு. நொத்தாரிசு ஒரு மாசத்தில எழுதினத எல்லாம் அடுத்த மாசம் 15ம் திகதிக்குள்ள லிஸ்டோட அங்க அனுப்பணும், சட்டம் அது. அப்ப கடல் கொண்டு போனது ஒண்டைத்தான். நம்பர் தெரியாட்டி எழுதின நொத்தாரிசு ஆர், எந்த வருசமளவில எண்டு தெரிஞ்சா புடிக்கலாம். அதுவும் தெரியாட்டிப் பக்கத்து வளவுக்காரன்ட உறுதியக் கேளு, அதில உங்கட காணி எல்லையாக் கிடக்கும், அங்கால இருந்து அந்த ஊருக்குரிய பதிவேட்டுப் பக்கத்துக்குப் போகலாம். நாங்க 2005ல மருதமுனை, பாண்டிருப்பு ஆக்களுக்கு மாசக்கணக்கா இந்த வேலதான் செஞ்ச. காகிதம் நனைஞ்சு ஒட்டிக் கிடக்கும், வெயில்ல காயப் போட்டு பிளேட்டால பிரிச்சு எடுத்திருக்கன்.

கல்லடி தங்கச்சிக்கு இன்னொண்டு. எக்ஸ்ட்ராக்ட்ட வாங்கி பைல்ல குத்தி வெக்கிறதோட விடாத, வரி வரியா விரலால தொட்டுக்கொண்டு போ. முப்பது வருசம் பின்னுக்குப் பாக்கணும். ஒவ்வொரு ஈட்டுக்கும் எதிரில ஒரு மீட்பு, கடன் தீந்த எண்ட பதிவு, இருக்கணும். 80களில கூட்டுறவிலயோ வங்கியிலயோ எடுத்த கடன் கட்டி முடிஞ்சிருக்கும், ரசீதும் வீட்டில கிடக்கும், ஆனா மீட்புறுதி எழுதிப் பதிஞ்சிருக்க மாட்டாங்க, செலவெண்டு விட்டிருப்பாங்க. பதிவேட்டப் பொறுத்தவரைக்கும் அந்தக் கடன் இன்னும் உயிரோட இருக்கு. "வழக்குப் பதிவு", காணி கோர்ட்டில கிடக்கு, எண்டு கிடந்தா பைல மூடி வெச்சிட்டு உடன லோயருக்குச் சொல்லு.

கையெழுத்து வெக்கிற அண்டு காலையில திரும்ப ஒருக்காத் தேடல் போடச் சொல்லு. ஆர் முதல்ல பதியிறானோ அவனுக்குத்தான் எங்கட சட்டத்தில முன்னுரிமை, ஆர் முதல்ல எழுதினான் எண்டில்ல. நாங்க கையெழுத்து முடிஞ்ச கையோட மோட்டச்சைக்கிள்ல ஏறிருவம், ஈட்டுறுதி பதிவுக்கு ஏறின நம்பர் கைக்கு வராம வங்கிக்குக் கோல் எடுக்கிறதில்ல. ஒருக்கா ஐயா சாப்பிட்டுட்டுப் போவம் எண்டார். சாப்பிட்டு முடிச்சுப் போனா எங்களுக்கு முதல் ஒரு விற்பனை உறுதி ஏறியிருக்கு, அதே காணி. அண்டைக்கு வங்கி காசு விடாததால தப்பினம்.

இரவுக்கிளி

ஐயா, அந்தச் சாப்பாட்டுக் கதைய நான் என்ட டீமுக்குச் சொல்லப்போறன். அங்க எங்களுக்குப் பயம் வேற மாதிரி, காசனுப்புற கணக்கு நம்பர் மாறிட்டு எண்டு கள்ள ஈமெயில் வரும், அப்பிடியே லோயர் எழுதின மாதிரி. அந்த ஈமெயில்ல இருக்கிற நம்பருக்கு எடுக்கக் கூடாது, பைல்ல முதல் நாள் எழுதின நம்பருக்குத்தான் எடுத்துக் கேக்கணும். போன காசு திரும்பி வாறது அருமை.

ஏறாவூர்க்காக்கா

பழையகந்தோர் ஐயா, நீங்க எங்கட வங்கியில இருந்திருந்தா நான் அஞ்சு மாசம் நடந்திருக்க மாட்டன். ஆனா ஒண்டு விளங்கல்ல. அந்தத் தாய் சீவிய உரித்த விட்டுக் குடுக்கத்தான் வேணுமா? விட்டுக் குடுத்தா நீங்க சொன்ன அந்தக் கூரையும் போச்சே. எங்கட உம்மாவ ஆராவது அப்பிடிக் கேட்டா நான் வங்கிய எரிச்சிருவன் (சும்மா).

பழையகந்தோர்

அதுதான் காக்கா சரியான கேள்வி. ரெண்டு வழி இருக்கு. ஒண்டு, தாய் உரித்தத் துறந்து ஒரு உறுதி. மத்தது, துறக்காம ஈட்டுறுதியில தானும் ஒரு பக்கமாச் சேந்து கையெழுத்து வெக்கிற. கடன் முடிஞ்சு மீட்டா அவட உரித்து அப்பிடியே இருக்கும். ஆனா கடன் கட்டாட்டி, பெரிய கடனெண்டா வங்கி 1990ம் ஆண்டுச் சட்டத்தால கோர்ட்டுக்குப் போகாமலே ஏலம் போடலாம், அப்ப தாய்ட உரித்தும் சேந்து போகும், அத மறைக்காமச் சொல்லணும். சில வங்கி முதலாவதத்தான் கேக்கும், ஏனெண்டா நன்கொடை உறுதி எண்டாலே அவங்களுக்குக் கை கூசும், நன்றி கெட்ட புள்ளை எண்டு தாய் கோர்ட்டில போய் ரத்துச் செய்யலாம் எண்ட பயம். தாயே ஈட்டில கையெழுத்து வெச்சா அந்தப் பயமும் கொஞ்சம் குறையும். தங்கச்சி, உங்கட லோயர்ட்ட இத வாயால கேளு, கடிதம் எழுதாத. கடிதம் எழுதினா கடிதம்தான் வரும்.

கல்லடிக்காத்து

மூணு கிழமைக்குப் பிறகு வாறன், குறை நெனைக்காதீங்க.

லோயர்ட்ட வாயாலயே கேட்டன். தாய் சேந்து கையெழுத்து வெச்சாப் போதும் எண்டார். ஆனா தாய்க்கு ஆர் சொல்ற? டீச்சர் போனா சண்டதான் வரும் எண்டா. கடைசியில நானே ஒரு சனிக்கிழமை ஆரையம்பதிக்குப் போனன், இது என்ட வேலையில்ல எண்டு தெரியும், மனேஜருக்கும் சொல்லல்ல. அம்மா ஒண்டும் கோவமா இல்ல. தேத்தண்ணி தந்திட்டு "வங்கிக்காரி உறுதிய முழுசா வாசிச்சுக் காட்டுவாவா?" எண்டு கேட்டா. இவ்வளவு நாளும் ஆக்கள் "இதில ஒரு கையெழுத்து" எண்டுதான் கேட்டிருக்காங்க, என்னத்தில எண்டு சொல்லல்ல. கட்டாட்டி வீடு போகும் எண்டதையும் சொன்னன். ஒள்ளுப்ப நேரம் பேசாம இருந்தா. மறுகா அட்டவணைய வாசிக்கச் சொன்னா.

பிளான்ல வடக்கு "ஒழுங்கை" எண்டு கிடக்கு. அம்மா உடன புடிச்சா. "அதென்ன ஒழுங்கை, அது எங்கட காணி. சுனாமிக்குப் பிறகு பின்வளவுக்காரிக்குப் போய்வர வழியில்ல, நானும் அவரும்தான் வேலிய நாலடி உள்ளுக்கு எடுத்துப் போட்டுக் குடுத்த."

பேர்ச்கணக்கு

பொறுங்க பொறுங்க. அந்தப் பக்கம் நீளம் எவ்வளவு?

கல்லடிக்காத்து

88 அடி.

பேர்ச்கணக்கு

நாலு தர 88, 352. நான் சொன்ன 354க்கு ரெண்டு சதுர அடிதான் வித்தியாசம். ரோட்டில போன எண்டு எழுதினத வாபஸ் வாங்குறன். பிளான் கீறின ஆள் அந்த அம்மாட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா அத ஒழுங்கை எண்டு போட்டிருக்க மாட்டார். திருத்திக் குடுக்கச் சொல்லுங்க, வழி உரிமைய லோயர் ஒரு வரியில ஈட்டுறுதியில சேத்திருவார்.

பழையகந்தோர்

அம்மா எப்ப வாறாவாம்?

கல்லடிக்காத்து

வாற வியாழன் பத்து மணிக்கு, திருத்தின பிளான் புதன் வருது. காலையில தேடல் போடச் சொல்லிட்டன். லோயர்ட கிளாக்குக்கு அண்டைக்கு மத்தியானச் சாப்பாடு நான் பார்சல் கட்டிக் குடுக்கிறன், பதிஞ்சிட்டு வந்து சாப்பிடட்டும்.